பேசினில் வைத்த பொங்கல்

அந்த வருசம் தீபாவளி விடிய எங்கள் சின்னவள் அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்துகொண்டாள். அவளுக்கு அப்போது நான்கு வயது. வீடு கூட்டுகிற தும்புத்தடி ஒன்றை மட்டும் சாத்தி வைக்கக்கூடிய இடைவெளி அது. எப்படி உள்ளே போனாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வெளியே, வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கை முழுக்கச் சீனவெடி. ஒவ்வொரு வெடிக்கும் அவள் தன் இடது மணிக்கட்டைக் கடித்தாள். நானும் என் கணவரும் அலுமாரியை இழுத்து அவளைத் தூக்கியபோது கையில் பல் பதிந்து இரத்தம் கசிந்திருந்தது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு, உடம்பை விறைக்க வைத்துக்கொண்டு, இரண்டு நாள் ஒன்றும் சாப்பிடாமல் கிடந்தாள்.

அவளுக்குப் பேச்சு இல்லை. ஒன்றரை வயதில் "அம்மா", "தா", "காகம்" என்று மூன்று சொல் சொன்னாள். மூன்று வயதாவதற்குள் மூன்றும் போய்விட்டன. நான் பண்டத்தரிப்புப் பக்கத்தில் ஒரு முன்பள்ளியில் ஏழு வருசம் படிப்பித்தவள். அடுத்தவர் பிள்ளைகளுக்குப் பாட்டும் விளையாட்டும் சொல்லிக் கொடுத்தவளுக்கு, சொந்தப் பிள்ளை ஏன் தன் பெயருக்குத் திரும்பிப் பார்க்கவில்லை என்று விளங்க நெடுங்காலம் எடுத்தது. விளங்கிய பிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டில் நின்றேன்.

மூத்தவளுக்கு எட்டு வயது. அவளைப் பற்றி அந்த நாட்களில் நான் அதிகம் யோசிக்கவில்லை. யோசிக்கத் தேவையில்லாத பிள்ளை. தானே குளிப்பாள், தானே தலையிழுப்பாள், சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைப்பாள்.

தீபாவளி முடிந்து மூன்றாம் கிழமை சின்னவளைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளைகளுக்கு விளையாட்டு மூலம் பயிற்சி கொடுக்கும் ஒரு மிஸ் அங்கே இருந்தா. கையிலிருந்த காயத்தைப் பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டா. சொன்னேன்.

"அம்மா, தீபாவளி எப்ப வருமெண்டு உங்களுக்குத் தெரியும். கலண்டரிலை இருக்கு. இவவுக்குத் தெரியாது. விடிய எழும்பினா வெடி, எண்ணெய், புது உடுப்பு, ஆக்கள். எல்லாம் ஒரேயடியா வந்து மேலை விழுது."

"அப்ப என்ன செய்யிறது மிஸ்? எங்களாலை ஊரிலை வெடியை நிப்பாட்டேலாது."

"ஏலாதுதான். ஆனா தைப்பொங்கலுக்கு இன்னும் ஏழு கிழமை கிடக்கு. இண்டையிலையிருந்து பொங்கலைக் கொஞ்சம் கொஞ்சமா வீட்டுக்குள்ளை கொண்டுவாங்கோ. ஒண்டும் வாங்கத் தேவையில்லை. ஒரு பேசினுக்கை அரிசி போட்டு வையுங்கோ. இன்னொரு நாள் பயறு. இன்னொரு நாள் தண்ணியும் மாவிலையும். கையாலை அளையட்டும், மணக்கட்டும். தொடு தொடு எண்டு வற்புறுத்த வேண்டாம். ஆரும் பக்கத்திலை இருந்து விளையாடினா பார்த்துக்கொண்டிருப்பா. பிறகு தானா வருவா."

"மூத்தவள் இருக்கிறாள்," என்றேன்.

"நல்லது. அவவை விளையாட விடுங்கோ."

வீட்டுக்கு வந்த அன்றைக்கே தொடங்கினேன். சின்னவள் கைக்குழந்தையாக இருக்கும்போது குளிக்கவார்த்த நீலப் பேசின் ஒன்று இருந்தது. சாக்கின் அடியில் வண்டு விழுந்து கிடந்த பச்சையரிசியைச் சுளகில் புடைத்து அதில் கொட்டினேன். ஹோலில் பாய் விரித்து, நடுவில் பேசினை வைத்து, மூத்தவளை இருத்தினேன். அவள் முழங்கை வரைக்கும் அரிசிக்குள் புதைத்தாள்.

"கை எங்கை? கையைக் காணேல்லை! தங்கச்சி, அக்கான்ரை கையைக் காணேல்லை!" என்று சொல்லிவிட்டு, "இந்தா!" என்று வெளியே எடுத்தாள். அரிசி பாய் முழுக்கச் சிதறியது.

சின்னவள் குசினி வாசலில் முதுகு காட்டிக்கொண்டு இருந்தாள். திரும்பவில்லை.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். மூத்தவளுக்கு மார்கழி விடுமுறை விட்டிருந்தது. காலையில் எழும்பியதும் "அம்மா, பேசின் வைப்பமோ?" என்று அவளே கேட்பாள். வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஓட்டிலிருந்து ஒழுகும் தண்ணீருக்கு ஒரு பக்கம் வாளி வைத்து, மறுபக்கம் அரிசிப் பேசினை வைத்து அவள் தனியே விளையாடுவாள். ஒரு தகரப் பேணியில் அள்ளி மற்றப் பேணிக்குள் ஊற்றுவாள். அரிசி விழுகிற சத்தம் மழைச் சத்தம் மாதிரியே இருக்கிறது என்பாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் இருந்த சின்னவளின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கிழமைக்குப் பிறகு அந்த முதுகு திரும்பியது. இன்னும் சில நாளில் பாயின் ஓரத்துக்கு வந்தாள். பிறகு ஒரு நாள், மூத்தவள் அரிசியை மேலிருந்து மெதுவாகச் சொரிந்துகொண்டிருந்தபோது, அந்தச் சொரிவுக்குள் சின்னவள் தன் கையை நீட்டினாள்.

"அம்மா! வந்திட்டா! இஞ்சை பாருங்கோ, கையை நீட்டுறா!"

"சத்தம் போடாதை," என்றேன் நான். "நீ விளையாடினது காணும், எழும்பு. தங்கச்சி விளையாடட்டும்."

மூத்தவள் பேணியைக் கீழே வைத்துவிட்டு எழும்பினாள்.

அந்த நாளிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. புதிதாக ஒரு பொருளை வைக்கும்போது மூத்தவளைக் கூப்பிடுவேன். சின்னவள் கை வைத்தவுடன் அவளை எழுப்பிவிடுவேன். பயறு வைத்த அன்றைக்கும், தண்ணீருக்குள் மாவிலை மிதக்கவிட்ட அன்றைக்கும் அதுதான் நடந்தது. அரிசிக்கு மஞ்சள் தூளும் இரண்டு சொட்டு வினாகிரியும் போட்டு, மூடிப் பேணியில் குலுக்கி, கடுதாசியில் பரப்பிக் காயவிட்டேன். சின்னவள் மஞ்சள் நிறத்தைக் கண்டால் கொஞ்சம் நிற்பாள். அதனால் மஞ்சள். குலுக்குகிற வேலையைச் செய்ததும் மூத்தவள்தான்.

"அம்மா, ஊதாவும் செய்வமே? கேக்குக்குப் போடுற கலர் கிடக்குத்தானே."

"தங்கச்சிக்கு மஞ்சள்தான் பிடிக்கும்."

"எனக்கு."

"நீ பெரிய பிள்ளையெல்லோ," என்றேன்.

அவள் பேணியைக் குலுக்கிக்கொண்டே இருந்தாள்.

பக்கத்து வளவில் என் கணவரின் அக்கா இருக்கிறா. வேலியில் ஆள் நுழையக்கூடிய ஒரு பொட்டு உண்டு. அதால் வந்து போவா. ஒரு நாள் வந்து பாய் முழுக்கக் கிடந்த அரிசியைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டா.

"என்ன மச்சாள் இது? சாப்பிடுற அரிசியைக் காலுக்கை போட்டு மிதிக்க விடுறீரோ?"

"வண்டு விழுந்த அரிசி மச்சாள். கிளினிக்கிலை சொன்னவை."

"எந்தக் கிளினிக்கிலை சொன்னாலும் அரிசி அரிசிதானே. உந்த மழைக்கை என்ரை தம்பி தோட்டத்திலை நிண்டு சாகிறான். நீர் இஞ்சை அரிசியை அள்ளிக் கொட்டுறீர்."

என் கணவர் அந்தப் போகம் வெங்காயம் நட்டிருந்தார். மழை வடியாமல் நின்று பாத்தியெல்லாம் அழுகிக்கொண்டிருந்தது. பின்னேரம் முழங்கால் வரைக்கும் சேற்றோடு வருவார். கிணற்றடியில் கால் கழுவிவிட்டு, வாசலில் குந்தி இருந்து சின்னவளைப் பார்ப்பார். ஒரு நாள் கேட்டார்:

"இஞ்சேரும், உதாலை பிள்ளை கதைப்பாளோ?"

"தெரியாது."

"வெடிக்காவது பயப்பிடாமல் இருப்பாளோ?"

"எனக்குத் தெரியாதப்பா. வேறை ஒண்டும் எனக்குத் தெரியேல்லை. அதுதான் இதைச் செய்யிறன்."

அடுத்த நாள் அவர் கொட்டிலுக்குள் நனையாமல் கிடந்த செம்மண்ணை அரித்து, கல் பொறுக்கி, ஒரு தாம்பாளத்தில் கொண்டுவந்து வைத்தார். மூன்று சின்னக் கல்லும் கழுவிக் கொண்டுவந்தார், அடுப்புக்கு. அந்த அடுப்பில் ஏற்றப் பானை வேண்டுமே என்று தேடினேன். மூத்தவளிடம் கோயில் திருவிழாவில் வாங்கிய மண் சட்டி பானைச் செட் ஒன்று இருந்தது. அவள் அதை ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் துணி சுற்றி வைத்திருந்தாள். கேட்காமல் எடுத்தேன். அன்று பின்னேரமே சின்னவள் அந்தப் பானையைக் கல்லில் தட்டித் தட்டி அந்தச் சத்தத்தைக் கேட்டாள். மூன்றாம் தட்டில் அது உடைந்தது. மூத்தவள் வந்து ஓட்டுத்துண்டுகளைப் பொறுக்கினாள்.

"தங்கச்சின்ரை காலிலை குத்திப்போடும்," என்று மட்டும் சொன்னாள்.

என் அண்ணை வல்வெட்டித்துறையில் இருக்கிறார். மூத்தவள் ஒவ்வொரு மார்கழி விடுமுறைக்கும் அங்கே போவாள். மழை கொஞ்சம் விட்டால் அந்தப் பக்கத்து வானம் முழுக்கப் பட்டம். மாமாவின் பிள்ளைகளோடு கடற்கரையில் நிற்பாள், பட்டத்துக்கு வால் கட்டுவாள். அந்த முறையும் அண்ணை கூட்டிக்கொண்டு போக வந்தார். அவள் உடுப்புகளை மடித்துப் பையில் வைத்துவிட்டு நின்றாள்.

"இந்த முறை வேண்டாம் அண்ணை," என்றேன். பிறகு அவளைப் பார்த்து, "நீ போனா தங்கச்சியோடை ஆர் விளையாடுறது?" என்று கேட்டேன்.

அண்ணைக்கு அது பிடிக்கவில்லை. "பிள்ளை ஒரு கிழமை நிண்டிட்டு வரட்டுமே," என்றார். நான் விடவில்லை. நடுவில் விட்டால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்ற பயம் எனக்கு. அவர் தேநீரைக் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் தனியே போனார். மூத்தவள் பையிலிருந்து உடுப்புகளை எடுத்துத் திரும்ப அலுமாரியில் அடுக்கினாள். ஒரு சண்டையும் பிடிக்கவில்லை.

இதையெல்லாம் இப்போது வரிசையாக எழுதும்போது, அன்றைக்கு எனக்குக் கண் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். கண் இருந்தது. அது ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. ஒரு நாள் காலை ஒரு தட்டத்தில் அரிசி மாவைப் பரப்பி வைத்தேன், கோலத்துக்காக. சின்னவள் ஒரு விரலை வைத்து ஒரு கோடு இழுத்தாள். நிறுத்தி அந்தக் கோட்டைப் பார்த்தாள். பிறகு அதற்குப் பக்கத்தில், அதே நீளத்துக்கு, இன்னொரு கோடு. அவ்வளவுதான். நான் குசினிக்குள் போய்ச் சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுதேன். நாலு வருசத்தில் அவள் எனக்கு எழுதிய முதல் கடிதம் மாதிரி இருந்தது.

கடைசியாக வெடி. மிஸ் அதற்கும் ஒரு வழி சொல்லியிருந்தா. சின்னவளின் கை அரிசிக்குள் இருக்கும்போது, அவள் அமைதியாக இருக்கும் நேரம் பார்த்து, போனில் வெடிச் சத்தத்தை மிகக் குறைவாக வைக்கவேண்டும். நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டவேண்டும். முகம் மாறினால் உடனே நிற்பாட்டவேண்டும். எனக்குச் சின்னவளின் முகத்தைப் பார்க்கவேண்டியிருந்ததால் போனை மூத்தவளிடம் கொடுத்தேன். கதவோரம் இருந்துகொண்டு, சத்தம் எத்தனையில் நிற்கிறது என்று அவள் விரலால் எண்ணிக் காட்டுவாள். ஒன்று. இரண்டு. நான் தலையாட்டினால் மூன்று. அவள் அந்த வேலையை ஒரு பெரிய மனுசி மாதிரிச் செய்தாள். புது வருசம் பிறந்து பள்ளிக்கூடம் தொடங்கியபோது நாலு வரைக்கும் வந்துவிட்டோம். சின்னவள் தலையை ஒரு பக்கம் சாய்ப்பாள், அரிசியை இறுக்கிப் பிடிப்பாள், பிறகு விடுவாள். கடிக்கவில்லை.

எனக்குத் துணிவு வந்துவிட்டது. இந்த முறை முற்றத்தில் பொங்கலாம் என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் முற்றத்தில் புல் செருக்கி, நிலத்தைச் சாணத்தால் மெழுகினார். மச்சாளுக்கும் சொன்னேன். "பாப்பம்," என்றா அவ.

பொங்கலுக்கு மூன்று நாள் இருந்தது. பின்னேரம். மூத்தவள் பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிட்டிருந்தாள். சின்னவள் பேசினுக்கு முன்னால் இருந்தாள். "அஞ்சு நிமிசம் தங்கச்சியைப் பார்," என்று சொல்லிவிட்டுப் பொங்கல் பானையைத் தேய்க்கக் கிணற்றடிக்குப் போனேன். சாம்பல் போட்டு ஒரு பக்கம் தேய்த்திருப்பேன். வீட்டுக்குள்ளிருந்து வெடிச் சத்தம் வந்தது. உண்மையான வெடி என்றுதான் நினைத்தேன். அதற்கு மேலாகச் சின்னவளின் கத்தல்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். பேசின் கவிழ்ந்து கிடந்தது. அரிசி சுவர்க் கரை வரைக்கும் போயிருந்தது. சின்னவள் மேசைக்குக் கீழே புகுந்து தலையைச் சுவரில் இடித்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் ஹோல் நடுவில் போனைக் கையில் பிடித்தபடி நின்றாள். சத்தம் இன்னும் போய்க்கொண்டிருந்தது. முழுச் சத்தம். அவள் அதை நிற்பாட்டவில்லை.

போனைப் பறித்தேன். ஓங்கி அடித்தேன். ஒரு அடியோடு விடவில்லை, இன்னொன்றும் அடித்தேன். சாம்பல் கை. அவள் கன்னத்தில் என் விரல்கள் சாம்பல் நிறத்தில் பதிந்தன.

"எத்தினை தரம் சொன்னனான், நாலுக்கு மேலை வைக்காதை எண்டு! கை தவறிப் பட்டதோ?"

"இல்லை."

"அப்ப?"

"நான் வேணுமெண்டுதான் வைச்சனான்."

நான் சின்னவளை மேசைக்குக் கீழிருந்து இழுத்து, என் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தேன். அவள் என் தோளைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த நிலையில்தான் கேட்டேன்:

"ஏன் பிள்ளை? ஏன்?"

மூத்தவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அவ பயந்தா நீங்கள் உந்தப் பேசின் எல்லாத்தையும் தூக்கி வைச்சிடுவீங்கள் எண்டு நினைச்சன். பிறகு என்னை மாமா வீட்டை விடுவீங்கள் எண்டும்."

விடுமுறை முடிந்து ஒரு கிழமை ஆகியிருந்தது. அவளுக்கு அது தெரியும். தெரிந்துகொண்டும் சொன்னாள்.

அவர் தோட்டத்தால் வந்தபோது நான் நடந்ததைச் சொன்னேன். மூத்தவளின் கன்னத்தைப் பார்த்தார். தும்புத்தடியை எடுத்து அரிசி முழுவதையும் கூட்டி அள்ளினார். அதைச் சாக்கில் கட்டி வெளியே வைத்துவிட்டு வந்து, "இஞ்சேரும், அவளுக்கு எட்டு வயசு," என்றார். அதற்கு மேல் அவர் அதைப் பற்றி இன்றுவரை ஒரு சொல் கதைத்ததில்லை.

அந்த ஏழு கிழமையும் ஒரு பின்னேரத்தில் போய்விட்டது. போனது மட்டுமில்லை, இருந்ததையும் கொண்டு போனது. சின்னவள் சோற்றைத் தவிர வேறு அதிகம் சாப்பிடாத பிள்ளை. அன்றிலிருந்து சோற்றைக் கண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மூலையில் தப்பிக் கிடந்த ஒரு அரிசியைக் கண்டால்கூடச் சுற்றிக்கொண்டு போவாள். பிஸ்கட்டும் இதரை வாழைப்பழமும்தான். ஒரு மாதத்துக்குள் அவளுடைய தோள் எலும்பு தெரிந்தது.

பொங்கல் விடிய மச்சாள் வேலிப் பொட்டால் வந்தா. தலைமுழுகி, ஈரத் தலையில் துவாய் கட்டியிருந்தா. நான் பேச்சு வாங்கத் தயாராக நின்றேன்.

"மூத்தவளை நான் கூட்டிக்கொண்டு போறன்," என்றா. "அவளுக்கும் பொங்கல்தானே."

மூத்தவள் புதுச் சட்டை போட்டிருந்தாள். மச்சாள் அவளைக் கிட்ட இழுத்து, கன்னத்தை ஒரு பக்கம் திருப்பிப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. அந்தப் பார்வைக்குப் பதிலாக ஒரு மணித்தியாலம் என்னைத் திட்டியிருக்கலாம்.

அவர் எங்கள் அறை யன்னலுக்கு இரண்டு போர்வை அடித்தார். மெத்தையைத் தூக்கிக் கதவுக்குச் சாத்தி வைத்தார். நான் சின்னவளின் காதில் பஞ்சு வைத்து, அதற்கு மேல் துணி சுற்றி, அவளை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தேன். சூரியன் வந்ததும் ஊரில் ஒவ்வொரு வீட்டுப் பானையாகப் பொங்கத் தொடங்கியது. ஒவ்வொரு பானைக்கும் ஒரு கட்டு வெடி. எங்கே வெடிக்கிறது, அடுத்தது எந்தப் பக்கம் என்று தெரியாது. அவள் என் நாடியில் தலையால் இடித்தாள். என் முழங்கையைக் கடித்தாள். கடிக்கட்டும் என்று விட்டேன், தன் கையைக் கடிக்காமல் இருந்தால் காணும். பத்து மணியளவில் களைத்து நித்திரையாகிவிட்டாள். மெழுகிய முற்றத்தில் அந்த வருசம் அடுப்பு மூட்டவில்லை. அவர் குசினியில் கொஞ்சம் பால் காய்ச்சிச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, தோட்டத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

மதியம் மூத்தவள் வந்தாள். வாழையிலையால் மூடிய ஒரு கிண்ணத்தை அறை வாசலில் வைத்தாள்.

"மாமி தந்துவிட்டவ. நீங்கள் சாப்பிடுங்கோவாம்."

"நீ சாப்பிட்டியோ?"

"ஓம்."

"வெடி கொளுத்தினியோ?"

"இல்லை."

"ஏன்? மாமியின்ரை பிள்ளையள் கொளுத்தியிருப்பினமே."

"நான் கொளுத்தினா இஞ்சை கேக்குமெல்லோ," என்றாள்.

"அம்மாவோடை கோவமோ?"

"இல்லை, அம்மா." அவள் அதைச் சொன்ன விதத்தில் கோபம் உண்மையிலேயே இல்லை. இருந்திருந்தால் என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை சின்னவளை அவரோடு விட்டுவிட்டு நான் ஊதா நிற அரிசி செய்தேன். முழுப் பேசினுக்கும். கராம்பும் ஏலக்காயும் போட்டேன், மணக்கட்டும் என்று. பழைய அரிசியின் நினைவு வரக்கூடாதென்று வேறு பேசின் எடுத்தேன். அறைக்குள் பாய் விரித்து, கதவைச் சாத்திவிட்டு மூத்தவளைக் கூப்பிட்டேன்.

"உது ஆருக்கு?"

"உனக்குத்தான். உனக்கு மட்டும்."

அவள் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தாள். பேசினுக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்தாள். கையை உள்ளே விட்டாள். அள்ளிச் சொரிந்தாள். பேணியில் நிரப்பினாள், மற்றப் பேணியில் ஊற்றினாள். ஒவ்வொன்றையும் சரியாகச் செய்தாள், தங்கச்சிக்குக் காட்டிக் கொடுத்த நாட்களில் செய்த மாதிரியே, கொஞ்சம் மெதுவாக, எல்லாம் தெரியக்கூடிய மாதிரி. ஐந்து நிமிசம் போயிருக்கும். தலையை நிமிர்த்தி என்னைக் கேட்டாள்:

"காணுமோ, அம்மா?"

"உனக்கு விருப்பமான நேரம் மட்டும் விளையாடு பிள்ளை," என்றேன்.

"எனக்கு வீட்டுப்பாடம் இருக்கு," என்று எழும்பினாள். பாயில் விழுந்த அரிசியைப் பொறுக்கிப் பேசினுக்குள் போட்டுவிட்டுத்தான் போனாள்.

அடுத்த கிளினிக்கில் நான் இதை மிஸ்ஸிடம் சொன்னேன். சின்னவளைப் பற்றிச் சொல்லத்தான் போனேன், மூத்தவளைப் பற்றிச் சொல்லி அழுதேன். மிஸ் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவவோடை தனிய எங்கையும் போறனீங்களோ?" என்று கேட்டா. கடைசியாக எப்போது போனேன் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு கிழமையில் ஒரு நாள் அவளைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போனேன், லைப்ரரிக்குப் போனேன். வருவாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தால் "தங்கச்சிக்கு?" என்பாள். அவளுக்கு வேண்டாம் என்றால் தனக்கும் வேண்டாம் என்பாள். அடுத்த விடுமுறைக்கு வல்வெட்டித்துறைக்கு அனுப்பினேன். பத்து நாள் என்று போனவள் நாலாம் நாளே திரும்பி வந்தாள். அண்ணையிடம் கேட்டேன். "வீட்டிலை வேலை கிடக்கெண்டு சொல்லுறாள்," என்றார்.

இது நடந்து மூன்று வருசமாகிறது. சின்னவளுக்கு ஏழு வயது. சோறு சாப்பிடுகிறாள். அது நான் செய்த எதனாலும் வந்ததில்லை. ஒரு நாள் மச்சாள் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது வேலிப் பொட்டால் தானாகப் போய்ச் சுளகுக்குள் கையை வைத்திருக்கிறாள். மச்சாள் புடைப்பதை நிற்பாட்டிவிட்டு, அவள் எடுக்கும் வரைக்கும் சுளகைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாவாம். கை நொந்ததை மட்டும் எனக்குப் பெருமையாகச் சொன்னா. சின்னவளுக்கு இப்போது ஐந்து சொல் இருக்கிறது. "அக்கா" அதில் ஒன்று. "அம்மா" இன்னும் திரும்பி வரவில்லை. வெடிக்குப் பயம் அப்படியே இருக்கிறது. அதை மாற்ற நான் இப்போது முயல்வதில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விடியமுன்னரே ஓட்டோ பிடித்து, வீடுகள் இல்லாத ஒரு கடற்கரைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறோம். அங்கே ஈர மணலை அள்ளுவாள், கடலில் கொட்டுவாள், திரும்ப அள்ளுவாள்.

சென்ற தீபாவளிக்கு மூத்தவளையும் கூப்பிட்டேன். அவளுக்குப் பதினொரு வயது.

"நீங்கள் போய்ட்டு வாங்கோ, நான் வீட்டிலை நிக்கிறன்," என்றாள்.

"தனிய என்ன செய்வாய்?"

"மாமி இருக்கிறாதானே."

கடற்கரையில் காற்றும் தூறலுமாக இருந்தது. அவர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். பதினொரு மணிக்கு மேல் வெடி ஓய்ந்திருக்கும் என்று திரும்பி வந்தோம். ஓட்டோ ஒழுங்கைக்குள் திரும்பும்போதே கண்டேன். எங்கள் வாசல் படலைக்கு முன்னால் மூத்தவள் நின்றாள். புதுச் சட்டை. கையில் விளக்குமாறு. அயலுக்குள் வெடித்த சீனவெடியின் சிவப்புக் கடுதாசி ஈரத்தில் ஒட்டிக் கிடந்தது. அதைக் குனிந்து கையால் உரித்து உரித்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். தங்கச்சி அதைக் காணக்கூடாதாம். எங்கள் படலைக்கு முன்னால் மட்டுமில்லை, ஒழுங்கை முகப்பு வரைக்கும் கூட்டி முடித்திருந்தாள். சட்டைக் கரை முழுக்கச் சேறு.

"அழுதவவோ?" என்று கேட்டாள்.

"இல்லை."

"அப்ப சரி."

அந்த விளக்குமாற்றை அவள் கையிலிருந்து வாங்கவேண்டும் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். சின்னவள் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து வீட்டுப் பக்கம் இழுத்தாள். நனைந்திருந்தாள், நடுங்கினாள். நான் அவளோடு உள்ளே போனேன்.